முதல் சபாநாயகரின் நாற்காலி

நாடாளுமன்றக் கட்டடத்தில் பழம்பொருள் கூடம் ஒன்று உண்டு. மறைந்த உறுப்பினர்களின் உருவப்படங்கள், இன்னோர் ஆணி அடிக்கவும் இடமில்லாதபடி, சுவர்களை நிறைத்திருக்கும். நடுவே முதல் சபாநாயகரின் நாற்காலி. சபையை ஒத்திவைக்காமலே அதில் அமர்ந்தபடி ஒரு பிற்பகலில் அவர் உயிர் பிரிந்தது. சபை கலையுமுன் சபாநாயகர் எழலாகாது என்பது அக்கால விதி.

அந்த நாற்காலிக்குப் புதுப் பிரம்பு பின்னி முடித்தவர், தொழில் வழக்கப்படி, பின்னலின் இறுக்கத்தைச் சோதிக்க அதில் உட்கார்ந்தார். பிறகு அவரால் எழ முடியவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"விளையாடாதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சுப் பொண்ணு வர்றா. ரயிலடியில தனியா நிப்பா."

"நானா விளையாடுறேன்? இடுப்பு எழும்ப மாட்டேங்குது, தாயே."

"பதவி வந்ததும் விட மனசில்லையாக்கும்! சபையைக் கலைச்சிட்டு எழுந்து வாங்க."

பிரம்புக்காரர் சிரித்துக்கொண்டே குரலைக் கனமாக்கினார்.

"சபையை ஒத்திவைக்கலாமா? ஏற்போர் 'ஆம்' என்க."

"ஆம், ஆம். கிளம்புங்க."

"மறுப்போர் 'இல்லை' என்க."

சுவரின் இடது ஓரத்துப் படம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்லை" என்றது. அடுத்த படமும் சொன்னது. அவசரம் ஏதுமின்றி, ஒவ்வொரு சட்டகமாக, அச்சொல் கூடத்தைச் சுற்றி வந்து முடிந்தது.

பிரம்புக்காரர் நான்கு சுவர்களையும் மெல்லப் பார்த்தார். பின்பு தணிந்த குரலில் மனைவியிடம் சொன்னார்:

"நீ போய்ப் பொண்ணைக் கூட்டிட்டு வா. நம்ம பக்கம் இன்னொரு ஓட்டு விழும்."