சித்திக்கும் கோதுமை ஆகாது

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தம்பி வீட்டு மாடிப்படி ஏறினாள் அத்தை. நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிக்கிற கால். கோபத்தோடு ஏறினால் கட்டடமே அதிரும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் தம்பி பெண்டாட்டியைப் பார்த்துவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அவசர அவசரமாக ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தாள் அந்த மகராசி.

பன் தின்பது ஒரு குற்றமா? மற்றவர்கள் தின்றால் இல்லை. இவளோ, "எனக்குக் கோதுமை ஆகாது, அதுல இருக்கிற குளூட்டன் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாயிடும்" என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள்.

நிஜமாகவே அந்த வியாதி இருப்பது தம்பியின் ஒன்பது வயது மகள் சிட்டுவுக்கு. தாயில்லாப் பிள்ளை. நாலு வருஷம் அதற்குத் தலை பின்னிவிட்டு, கதை சொல்லித் தூங்கவைத்தவள் இந்த அத்தைதான். சித்தி வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் சிட்டு அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

டாக்டர் வியாதியைச் சொன்ன அன்று, "எனக்கு மட்டும் ஏன்?" என்று தட்டைத் தள்ளிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது குழந்தை. அத்தை கெஞ்சினாள், அப்பா மிரட்டினார், கதவு திறக்கவில்லை. கடைசியில் சித்தி வெறும் தரையில் உட்கார்ந்து, கதவோடு பேசினாள்.

"எனக்கும் இதேதான் சிட்டு. சின்ன வயசிலேருந்து."

கதவு திறந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் நகமும் சதையும். அத்தை வெறும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி ஆகிப்போனாள். பொய் சொல்லியா என் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. இன்றைக்குச் சிட்டுவின் எதிரிலேயே குட்டை உடைத்துவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

சமையலறையில் பேன்கேக் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சிட்டு ஸ்டூல்மேல் நின்று, பாத்திரத்தில் இருந்த மாவைக் கலக்கிக்கொண்டிருந்தது. மூக்கு நுனி வரை மாவு.

"வாங்க அண்ணி, சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றாள் சித்தி.

"ரொம்ப சுலபம் அத்தை" என்றது சிட்டு, பெரிய சமையல்காரி கணக்காக. "கனிஞ்ச வாழைப்பழம் ரெண்டு, முட்டை மூணு, அரிசி மாவு, பால். பத்து நிமிஷம் ஊற வச்சாச்சு, இல்லேன்னா திருப்பும்போது கிழிஞ்சிடும். இந்தக் கரண்டியும் தவாவும் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான். கோதுமை பட்ட கையால யாரும் தொடக் கூடாது."

எங்க ரெண்டு பேருக்கு மட்டும்! அத்தைக்குச் சுருக்கென்றது.

சித்தி முதல் கரண்டி மாவைத் தவாவில் ஊற்றினாள். அத்தை தேன் ஒழுகக் கேட்டாள்.

"ஏம்மா, வேலை விட்டு வர்றப்போ பசிச்சா என்ன சாப்பிடுவே?"

"ஏதாவது பழம் சாப்பிடுவேன் அண்ணி."

"பழமா? புதன்கிழமை பஸ் ஸ்டாப் பக்கம் உன்னைப் பார்த்தேனே. கையில இருந்தது பழம் மாதிரி தெரியலையே?"

சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. சிட்டுவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண் கெஞ்சியது. கையும் களவுமாகப் பிடித்தவள் விடுவாளா?

"சிட்டு, இங்க பாரு. உன் சித்தி அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்தா தெரியுமா..."

"சித்தி!" என்று குறுக்கே கத்தியது குழந்தை. "அப்பா இன்னும் தூங்கறாரு. நீங்க போய் எழுப்புங்க. நான் கூப்பிட்டா போர்வையை இழுத்து மூடிக்குவாரு. போங்க, தவாவை நான் பார்த்துக்கறேன்."

கரண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டது. சித்தி தயங்கித் தயங்கி உள்ளே போனாள்.

சிட்டு எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை அத்தையின் பக்கம் நகர்த்திப் போட்டு ஏறிக்கொண்டது.

"சித்திக்கு ஒண்ணும் இல்ல அத்தை. எனக்குத் தெரியும்."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எந்தக் கடைக்குப் போனாலும், எனக்கு வாங்கறப்போ 'இதுல கோதுமை இருக்கா'ன்னு பத்து வாட்டி கேப்பாங்க. அவங்களுக்கு வாங்கறப்போ ஒரு வாட்டிகூடக் கேட்டதில்ல. வயிறு வலிச்சவங்களுக்கு அது மறக்குமா?"

அத்தைக்கு, நாலு வருஷம் மடியில் போட்டு வளர்த்த பிள்ளையை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே? பொய் சொல்லிட்டாளேன்னு உனக்குக் கோபம் வரலையா?"

சிட்டு இல்லை என்று தலையாட்டிக்கொண்டே, தவாவில் இருந்ததைக் கிழியாமல் திருப்பிப் போட்டது. உள்ளே அப்பா எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. சித்தியின் காலடி திரும்பி வந்துகொண்டிருந்தது.

குழந்தை அவசரமாக அத்தையின் காதருகே குனிந்தது.

"நான் தனியா இருக்கக் கூடாதுன்னுதானே அத்தை சொன்னாங்க? எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அழுவாங்க. ப்ளீஸ், நீங்களும் என்னை மாதிரி நம்பற மாதிரியே இருங்களேன்."