மூக்குப் பதியும் விமானம்

லீவில் வந்தபோது ஒட்டிய ரிமோட் விமானத்துக்கு ஈர்ப்பு மையம் பார்க்க நேரமில்லாமல் தேனுஜன் கட்டாருக்குத் திரும்பியிருந்தான். இப்போது வேலணையில் நிலாந்தினி அதன் இறக்கைகளை விரல் நுனிகளில் தாங்கிக்கொண்டு, மேசையில் நிறுத்தியிருந்த கைபேசியில் கணவனோடு பேசினாள்.

“மூக்கு கீழ பதியுதோ?”

“ஓம், பதியுது.”

“பற்றறியைப் பின்னுக்குத் தள்ளும். சரிவந்தால் போனை வைக்கிறன், டியூட்டிக்கு நேரமாகுது.”

சற்றுப் பொறுத்துக் கேட்டான்: “இப்ப?”

“இன்னும் பதியுதப்பா.”

“பௌதிகம் படிச்ச ஆள்தானே நீர்?”

“படிப்பிக்கிற ஆள் சரியில்லை.”

முதல் தரம் தூக்கியபோதே விமானம் மட்டமாக நின்றுவிட்டது. சரி என்று சொன்னால் அவன் வைத்துவிடுவான்.

அப்போதுதான் அவள் கைபேசியைக் கவனித்தாள். நிறுத்திவிட்டதாக நினைத்த கமரா, ஆடாமல் மட்டமாக நின்ற விமானத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

“ஓமப்பா, எனக்கும் பதியிற மாதிரித்தான் கிடக்கு,” என்றான் தேனுஜன். “ஆறுதலாத் திருப்பிப் பாப்பம்.”