வெல்வெட் அகரம்

“தொட்டுப் படிக்கிற சுவர் இதுதான் சார்” என்று தலைமையாசிரியை கை நீட்டினார்.

சிறந்த வகுப்பறைக்குப் பரிசு கொடுக்க வந்த மூன்று அதிகாரிகளும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். சொன்ன விலைக்கே வாங்கிப் போகிற வாடிக்கையாளர்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

சுவரில் பன்னிரண்டு எழுத்துகள். அத்தனையும் நான் தைத்தவை. எனக்கு வெட்டுத் துணி வியாபாரம்.

துணிக்காரன் கண்ணை நம்பமாட்டான். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துத்தான் சரக்கு இன்னதென்று சொல்வான். கண் தெரியாத என் மகளுக்கு நான் எழுதிவைத்த சொத்து அந்த வித்தை ஒன்றுதான்.

அதனால் ‘அ’ வெல்வெட். ‘ஆ’ கோணி. ‘இ’ வழுக்கும் பட்டு. ‘ஈ’ கம்பளி. எழுத்துக்கு ஒரு துணி.

கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தைச் சொல்லித்தர இங்கே ஆளில்லை, அரையாண்டுக்குள் படிக்காவிட்டால் வெளியூர் விடுதிப் பள்ளிதான் என்று சேர்க்கையன்றே தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். ஏழு வயதுக் குழந்தையை! எழுத்து என் பொறுப்பு, இடம் உங்கள் பொறுப்பு என்று நானும் பேசி முடித்தேன்.

மூன்றே மாதம். மகள் சுவரோடு பேச ஆரம்பித்தாள். எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதித் திட்டு வாங்கிய பக்கத்து பெஞ்சுக்காரி, கூடவே தடவித் தடவி நேராகிவிட்டாள். வாயே திறக்காத குட்டி ஒன்று, கோணியைத் தொட்டதும் ‘ஆ’ என்றது.

இன்று அரையாண்டுக் கெடு. அதிகாரிகள் முன்னால் படித்துவிட்டால் விடுதிப் பேச்சே இல்லை.

“எங்க, படி பாப்பா” என்றார் அதிகாரிகளில் ஒருவர்.

மகள் என் கையை விட்டாள். சுவருக்கு ஐந்து எட்டு, அவளுக்கு அத்துப்படி. சிரித்துக்கொண்டே முதல் எழுத்தைத் தடவினாள்.

சிரிப்பு நின்றது.

அடுத்ததற்குப் போனாள். அதற்கும் அடுத்தது. மறுபடி முதலுக்கு வந்து, உள்ளங்கையை விரித்துத் தேய்த்தாள்.

“எல்லாத்தையும் ஒரே துணியில மாத்தித் தெச்சிட்டியாப்பா?”

அந்த அதிகாரி தாளில் குறித்தார். அடுத்தவன் எழுதுவதைத் தலைகீழாகப் படிப்பது எங்கள் குலவித்தை. ‘படிக்கவில்லை’ என்று இருந்தது.

பெரியவர்கள் வருகிறார்கள், தூசி விழாமல் ஏதாவது செய்யுங்கள் என்று நேற்றுதான் தலைமையாசிரியை கேட்டார். கடைக்காரப் புத்தி. நல்ல சரக்கென்றால் கை படாமல் வைக்கத்தானே தெரியும்? கண்ணாடிக்காரனோடு அரை நாள் மல்லுக்கட்டி, அடிமாட்டு விலைக்குப் பேசி, பன்னிரண்டு எழுத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாகப் போட்டவன் நான்.

தலைமையாசிரியை கைக்குட்டையை எடுத்து, மகளின் விரல் தடங்களைத் துடைக்கத் தொடங்கினார்.