முதுகில் ஒரு மச்சம்

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது, அக்கா கோதையின் முதுகில் புதிதாக முளைத்திருந்த மச்சத்தைப் பார்த்தவள் தங்கை ரமாமணிதான்.

"யோகம் வரப்போகுதுடி," என்று கோதை சிரித்தாள்.

"வந்த யோகம் போதும்," என்ற ரமாமணி மறுநாளே அவளைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். தன் சிறுநீரகங்களில் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தவள் அவள். அந்த உடம்பில் தனக்கும் பாத்தியதை உண்டு என்பதுபோலத்தான் அதட்டுவாள்.

மச்சத்தை வெட்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் தோலைத் தாண்டி இறங்கவில்லை.

"நான் குடுத்த கிட்னியில இருந்து வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள் ரமாமணி.

"இல்லம்மா. அந்தக் கிட்னிய உடம்பு ஒதுக்கிடாம இருக்கக் குடுக்குற மாத்திரை எதிர்ப்புச் சக்தியக் குறைச்சிடும். அதோட இவங்களுக்குப் பிறப்புலயே இந்த நோய் வர்ற வாகு இருக்கு, மரபணுவுல தெரியுது. கூடப் பிறந்தவங்க, உங்களுக்கும் இருக்கலாம். அப்பப்ப பாத்துக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் கோதை உள்ளறை ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் மணையைப் போட்டாள்.

"உக்காரு. முதுகக் காட்டு."

"எனக்கு என்னக்கா? நான் மாத்திரையா சாப்பிடுறேன்?"

"காட்டுடி. உனக்குன்னு செய்ய எனக்கு இப்பத்தான் ஒண்ணு கெடச்சிருக்கு."

ரமாமணி திரும்பி உட்கார்ந்து கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். விலாவுக்குக் கீழே, சிறுநீரகம் எடுத்த பழைய தழும்பு தெரிந்தது. கோதை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கழுத்திலிருந்து ஆரம்பித்து விரலால் தடவியபடி மெதுவாக இறங்கினாள். இடது தோளுக்குக் கீழே, கறுப்பாக ஏதோ தெரிந்த இடத்தில் விரல் நின்றது.

"ஏன்க்கா நிறுத்திட்ட?"

"கண்ணு கலங்கிடுச்சுடி. இரு, தொடச்சிட்டுப் பாக்குறேன்."