ஏனோக் ரைட்டரின் அனுபவம்

"மெட்ரிகுலேஷன்ல எட்டு தடவ ஃபெயிலானவருகிட்ட போயி, பாஸ் பண்றது எப்டின்னு கேக்கச் சொல்றியே, உனுக்கு மூள கீதா?"

ரத்தினம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைக் கேட்டாள். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் அந்த வாரம் எல்லாருமே கேட்ட கேள்விதான் அது.

முனிரத்தினம் அதிகம் பேசுகிறவர் இல்லை. பாலகாட் தங்கச் சுரங்கத்தில் புது ஷாஃப்ட், அதாவது ஆள் இறங்கும் குழி, தோண்டும் வேலை அவருக்கு. பூமிக்கு அடியில் பேச்சுக்கு இடமில்லை, மேலே வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பத்து நாட்டுக்கோழி முட்டையை ஒரு துணியில் முடிந்து மகன் தங்கவேலுவிடம் கொடுத்தார்.

"நாயித்துக்கெழம தோறும் போ. ரைட்டரு சொல்றத ஒண்ணு விடாம நோட்டுல எழுதிக்கோ. எதுத்துப் பேசாத."

தங்கவேலுவுக்கு டிசம்பரில் பரீட்சை. பாஸானால் பெங்களூரில் காலேஜ். இல்லாவிட்டால் அப்பாவோடு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான். மேஸ்திரியிடம் பெயர்கூடச் சொல்லி வைத்தாயிற்று. அதை நினைத்தாலே ரத்தினம்மாவுக்குச் சோறு இறங்காது.

ஏனோக் ரைட்டர் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. எட்டுத் தோல்விக்கும் எட்டுக் காரணம் வைத்திருந்தார். ஒன்றில்கூட அவர் இல்லை. ஆடத் தெரியாதவளுக்கு மேடைதான் கோணல், இவருக்கு யூனிவர்சிட்டியே கோணல்.

தங்கவேலு போன முதல் ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். முட்டைகளை எண்ணியபின் முகம் மலர்ந்தது.

"பரீட்சைக்கு அனுபவம் வேணும்டா தம்பி. பாஸானவனுக்கு இன்னா தெரியும்? ஒரே தடவ எழுதினவன். நான் எட்டு தடவ!"

"எப்போ படிக்க ஆரம்பிக்கணும் ரைட்டரய்யா?"

"தசரா முடியட்டும். இப்பவே படிச்சா டிசம்பருக்குள்ள எல்லாம் மறந்துபூடும்."

தங்கவேலு எழுதிக்கொண்டான். "கணக்கு?"

"அத்தக் கடைசில வெச்சுக்கோ. கஷ்டமானத மொதல்ல எடுத்தா மனசு ஒடஞ்சிரும்."

"யூக்ளிட்டு ஜாமெட்ரிங்க?"

"நெட்டுரு! படம் போட்டுப் பாக்காத, நேரந்தான் வீண். நான் எல்லாம் எழுத்து மாறாம ஒப்பிப்பேன். ரெண்டு தடவ படத்துல வேற எழுத்தப் போட்டுக் குடுத்து என்ன கவுத்துட்டானுங்க, பாவிங்க."

"அது எந்த வருசம் ரைட்டரய்யா?"

ரைட்டருக்கு உள்ளம் குளிர்ந்தது. அவருடைய தோல்வியை யாரும் இவ்வளவு மரியாதையாக விசாரித்ததில்லை. பெண்டாட்டி ஃப்ளோராகூட.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மிச்சமும் வந்தது. பழைய கேள்வித்தாளைத் தொடாதே, வந்த கேள்வி திரும்ப வராது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண் மூடாதே. பேப்பர் கையில் கிடைத்தால் முதல் கேள்வி தெரியாவிட்டாலும் அதைவிட்டு நகராதே, அது மானப் பிரச்சினை. தங்கவேலு இதையும் ஒரு வரி விடாமல் எழுதினான். கோழிகளும் ஓயாமல் முட்டையிட்டன.

"குருடனுக்குக் குருடன் கோல் புடிக்கிறான்னு லைனே சிரிக்குது," என்று ரத்தினம்மா ஒருநாள் அழுதேவிட்டாள். முனிரத்தினம் அடுத்த ஞாயிறுக்கான முட்டைகளைத் துணியில் முடிந்துகொண்டிருந்தார்.

பரீட்சை முடிந்தது. முடிவு வந்த பேப்பர் காலை ரயிலில் பக்கத்துக் கோரமண்டல் ஸ்டேஷனில் வந்து இறங்கியது.

தங்கவேலு பாஸ்.

வீட்டுக்கு முதலில் ஓடிவந்தது ஏனோக் ரைட்டர்தான். "பாத்தீங்களா! என் தயாரிப்பு! என் அனுபவம்!" என்று லைனுக்கே கேட்கும்படி கத்தினார்.

முனிரத்தினம் ஒரு சாமந்தி மாலையை அவர் கழுத்தில் போட்டார். "நீங்க இல்லாங்காட்டி இவன் பாஸாயிருக்கவே மாட்டான் ரைட்டரய்யா," என்றார். ரத்தினம்மாவும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்களத் தப்பா நெனச்சிட்டேங்க," என்றாள்.

ரைட்டர் மாலையைச் சரிசெய்தபடி தங்கவேலுவின் காதருகே குனிந்தார்.

"தம்பி, அந்த நோட்ட இப்டிக் குடு. வர்ற டிசம்பர்ல ஒம்போதாவது தடவ எழுதப் போறேன். நான் சொன்னத நானே சரியா செய்யல போல. நீ செஞ்சிருக்கிற, பாஸாயிட்ட."

தங்கவேலு அப்பாவைப் பார்த்தான். முனிரத்தினம் தலையசைத்தார். நோட்டு கை மாறியது.

ரைட்டர் ஆவலோடு முதல் பக்கத்தைத் திறந்தார். மேலே, மணிமணியான கையெழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது: 'செய்யக்கூடாதவை.' அதற்குக் கீழே தசரா, கணக்கு, யூக்ளிட் என்று அவர் சொன்ன அத்தனையும் வருஷத்தோடு வரிசையாக இருந்தன.

அவர் மெல்ல நிமிர்ந்தார். முனிரத்தினம் கைகூப்பி, உண்மையான நன்றியோடு நின்றிருந்தார்.

"எங்க வேலைல அப்டித்தாங்க ரைட்டரய்யா. புதுசா ஷாஃப்ட் தோண்டறதுக்கு முன்ன, எங்கெங்க தோண்டி ஒண்ணும் கெடைக்கலன்னு தெரிஞ்ச ஆளத்தான் மொதல்ல தேடிப் போவோம். நீங்க எட்டு எடம் காட்டினீங்க, பையன் ஒம்போதாவது எடத்துல தோண்டினான்."