ஏழாம் தெருவில் யாருக்கும் இல்லை

"பொய் சொல்ல வாய் கூசலையா அண்ணே?"

இஸ்திரி போட்ட துணியை வாங்க வந்தவர் போகும்வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகுதான் அவள் ஆரம்பித்தாள். பக்கத்தில் அவளுடைய மேலதிகாரியான டாக்டரம்மா நின்றிருந்தார்.

அவளுக்குப் புற்றுநோய்ப் பதிவகத்தில் வேலை. எந்த மொழி பேசுகிறவரானாலும், என்ன தொழில் செய்கிறவரானாலும், அந்த நோய் வந்தவர் குடியிருப்பது எந்தத் தெரு என்று விசாரித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"ஆறாம் தெருவுல, அண்ணி பேருக்கு நீங்க குடுத்த வீட்டுக் கதவைத் தட்டினா, 'அப்படி யாருமே இங்க இல்லை'ங்கிறாங்க. போன் நம்பரை வெச்சுத்தான் உங்களைப் பிடிச்சேன். அண்ணி இருக்கிறது இந்த ஏழாம் தெருவுல. எதுக்கு விலாசத்தை மாத்திக் குடுத்தீங்க?"

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மெதுவாப் பேசும்மா. வீட்டுல அந்த நோய்னு தெரிஞ்சா, ஒட்டிக்கும்னு பயந்து எவன் எங்கிட்ட துணி குடுப்பான்?"

"நீங்க மட்டும்னாலும் பரவாயில்லை. இப்பத்தான் ஒவ்வொண்ணாச் சரிபார்க்கிறோம். நம்ம தெருவுல நாலு பேர் இதே வேலையைப் பண்ணியிருக்கீங்க. ஏழாம் தெருவுல யாருக்கும் இல்லைன்னு கணக்கு சொல்லுது. அதை நம்பிப் பரிசோதனை வண்டி ஆறாம் தெருவோட திரும்பிப் போயிடுச்சு. தையல்கார அக்காவுக்கு முத்திப் போன பிறகுதான் தெரிஞ்சிருக்கு. வண்டி இங்க வந்திருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்க!"

அவர் முகம் சுருங்கிப் போனது.

"பட்டன் தெறிச்ச சட்டையை எல்லாம் அவங்கதாம்மா தெச்சுத் தருவாங்க. காசு குடுத்தா, 'போய்யா, ஒரு நூலுக்குக் கூலியா'ன்னு திட்டுவாங்க..."

டாக்டரம்மா குறுக்கிட்டார். "உங்களைத் திட்ட வரலைங்க. இனிமே இப்படி நடக்கக் கூடாது, அதுக்காகக் கேக்கிறேன். நாலு பேரும் சொல்லி வெச்ச மாதிரி பக்கத்துத் தெருவைச் சொல்லியிருக்கீங்க. இந்த யோசனை யாருடையது?"

இஸ்திரிக்காரர் துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னோட புத்திதாங்க. மத்த மூணு பேருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டபடி காரை நோக்கி நடந்தார்.

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "நல்ல புத்தி அண்ணே! ஒரு உயிரைக் காவு குடுத்தாச்சு. தெருவுக்கே பாடம் நடத்த உங்களுக்கு யாரு கத்துக் குடுத்தா?"

அவர் காருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வரிசையில உனக்குப் பின்னாடிதாம்மா நின்னேன். உங்க அம்மாவை இதே நோய்க்குச் சேர்க்கிறப்போ நீ ஆறாம் தெருன்னு சொன்னே. கணக்கெடுக்கிற பொண்ணே சொல்லுது, அதனால தப்பில்லைன்னு நினைச்சுட்டேன்... இதை டாக்டரம்மாகிட்ட சொன்னா, உன் வேலைக்கு உலை வெச்ச மாதிரி ஆயிடுமேம்மா!"