கட்டிங்கோடு ஓர் ஊசி

எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் ஊசியை இப்போது சலூனிலேயே போடுகிறார்கள். வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து பிரணவ் அப்பாவுக்குத் தெரியாமல் வந்து போட்டுக்கொள்வான். இன்று அவரும் கூடவே கிளம்பிவிட்டார்.

துண்டைக் கட்டிவிட்டு செவந்திலிங்கம் வழக்கம்போலக் கேட்டார்: "தம்பி, கட்டிங் மட்டுமா, ஊசியுமா?"

பக்கத்து நாற்காலியில் அப்பா. மழுப்பினால் ஊசி தள்ளிப்போகும். பிரணவ் தலையைக் குனிந்துகொண்டு, "ஊசியும்தாண்ணே" என்றான்.

அப்பா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா இறந்த பிறகு டையைத் தொடாத மனிதர், இன்று மீசைக்கு டை அடிக்கச் சொல்லியிருந்தார்.

"எனக்கும் ஒண்ணு போட்டுரு, செவந்தி."

பிரணவ் சட்டென்று நிமிர்ந்தான். "யாருப்பா அவங்க?"

"வீட்டுக்குப் போயி சொல்றேன். தலைய ஆட்டாத, காதுல வெட்டிரப் போறாரு."